கட்டிலுக்கடியில் அரை ஆள்

கழுத்தில் ஸ்டெத் மாட்டிக்கொண்டு திரியலாம் என்று எம்.பி.பி.எஸ். சேருகிறவர்களின் கையில் முதல் வருடம் கிடைப்பது எலும்பு. முழு எலும்புக்கூடு கட்டுப்படியாகாது. உடம்பின் இடமும் வலமும் ஒன்றுதானே என்று ஒரு கை, ஒரு கால், மண்டையோடு, முதுகெலும்பு சேர்த்து ‘அரை செட்’டாக சீனியர்கள் தள்ளிவிடுவார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் வந்துவிட்டது. எனக்கு வாய்த்தது அசல்.

ஸ்டடி லீவுக்கு அதை மதுரைக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். விளக்குமாற்றோடு குனிந்த அப்பத்தா கண்டுபிடித்துவிட்டாள். அலறவில்லை, மயங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

“ஏத்தா, இது ஆம்பளையா, பொம்பளையா?”

இடுப்பெலும்பை எடுத்துப் பின்பக்கத்து வளைவைக் காட்டினேன். பெண்ணுக்கு அது அகலம், ஆணுக்குக் குறுகல். இதில் என் கட்டைவிரல்கூட மடங்கி உட்காரவில்லை.

“ஆம்பளை.”

“வயசு?”

காறை எலும்பின் உள்முனைதான் உடம்பில் கடைசியாக ஒட்டும். இதில் நன்றாகவே ஒட்டியிருந்தது. “இருபத்தஞ்சத் தாண்டினவரு.” கேட்காமலேயே தொடையெலும்பை அளந்து உயரத்தையும் உத்தேசமாகச் சொல்லிவைத்தேன். அப்பத்தாவுக்கு என் படிப்பின்மேல் மரியாதை வந்தது.

“சரி, என்ன ஆளுக?”

அனாட்டமி கைவிட்ட இடம் இது. நரம்பு நுழையும் பொட்டுத் துளைக்கும் பெயர் வைத்து, அதை வைவாவில் கேட்டு உயிரை எடுக்கிற சாஸ்திரம். ஆனால் 206 எலும்பில் ஒன்றிலாவது அப்பத்தா கேட்டதற்கு ஒரு மேடோ பள்ளமோ கிடையாது.

“எலும்புல தெரியாது அப்பத்தா.”

“தெரியாட்டி உள்ள போயிப் பாக்க வேண்டியதுதானே?”

உள்ளே போனால் செல். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் அறை அறையாகப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். ஹிஸ்டாலஜி லேபில் நாங்கள் பார்த்ததோ வெறும் ரோஸ். ஹெமட்டாக்சிலின் உட்கருவை ஊதாவாக்கும், ஈயோசின் மிச்சத்தை ரோஸாக்கும். கல்லீரலும் ரோஸ், சிறுநீரகமும் ரோஸ். ஸ்பாட்டர் தேர்வில் மணி அடிப்பதற்குள் எந்த ரோஸ் எது என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். அந்த ரோஸ் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எக்ஸாமினர்கூடக் கேட்பதில்லை.

சண்டை மட்டும் அங்கேயும் உண்டு. நரம்பு மண்டலத்தை ஆராய்ந்த கோல்ஜிக்கும் கஹாலுக்கும் 1906-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நரம்பெல்லாம் ஒரே வலை என்றார் கோல்ஜி. தனித்தனி செல் என்றார் கஹால். ஒரே அடுப்படியில் புழங்கும் மாமியார் மருமகள் போல, பரிசுச் சொற்பொழிவிலேயே கஹாலின் கொள்கையைப் பிடிபிடியென்று பிடித்தார் கோல்ஜி. ஜெயித்தது கஹால் கட்சி.

எங்கள் அடுப்படியில் கலகம் மூட்டியது மைட்டோகாண்ட்ரியா. “அவன் எந்த ஆளோ போறான். நீ எங்க வம்சம், எங்க ரத்தம்” என்று அப்பத்தா பேச்சை முடிக்கப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

“அப்பத்தா, செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனி டி.என்.ஏ., 37 ஜீன். அது ஆத்தா வழியாத்தான் வரும். அப்பா பக்கத்துலருந்து வர்றதைக் கருமுட்டை அழிச்சிரும். உன்னோடது அப்பாவோட நின்னுபோச்சு. எனக்குள்ள இருக்கறது அம்மாச்சியோடது.”

ஃபீஸ் எவ்வளவு என்பதைத் தவிர என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிராத அம்மா, தோசைக் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தாள்.

“இன்னொருக்கா சொல்லுடி. சத்தமாச் சொல்லு.”

சொன்னேன்.

“அது என்ன வேலை பாக்கும்?”

“செல்லுக்கு வேண்டிய சக்தியில முக்காவாசி அதுதாம்மா பண்ணிக் குடுக்குது.”

“அப்பாடா, ஓடியாடி உழைக்கிறது யாரு வழின்னு புத்தகத்துலயாச்சும் போட்டிருக்காகளே” என்று அப்பத்தா காதில் விழும்படி சொல்லிவிட்டு, தோசையைத் திருப்பிப்போடப் போனாள் அம்மா.