சவள் அண்ணை

இரவுக்குள் பத்து சென்ரிமீற்றர் பனி கொட்டும் என்று சி.பி.24 தொலைக்காட்சி சொல்லிவிட்டால், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் தெருவுக்கு ஒருவராவது அன்றைக்கு ஒழுங்காக நித்திரை கொள்ளமாட்டார். இரண்டு மணிக்கு எழும்பித் திரைச்சீலையை விலக்குவார். இருட்டில் விழும் பனி கண்ணுக்குப் பிடிபடாது; தெருவிளக்கைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். "இன்னும் கொட்டுது" என்று மனைவிக்கு அறிவிப்பார். "கொட்டினா கொட்டட்டும், நீங்கள் படுங்கோ" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும். படுப்பார். மூன்றரைக்கு மறுபடி ஒரு பார்வை.

இவர்தான் சவள் அண்ணை. அறுபத்தைந்து தாண்டியவர். தொழிற்சாலையில் முப்பது வருசம் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வும் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும்தான்.

ஐந்து மணிக்குக் கராஜ் கதவு திறக்கும். உள்ளே சுவரில் ஆணியடித்து நாலு சவள் தொங்கும். அகலமான பிளாஸ்ரிக் சவள், புதுப்பனியைத் தள்ள. குழிந்தது, அள்ளி எறிய. மூன்றாவது பிடி வளைந்தது, மகள் வாங்கிக் கொடுத்தது, முதுகு நோகாதாம், அதை அவர் இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நாலாவது இரும்பு விளிம்பு வைத்தது, கட்டிபட்ட பனியைச் சுரண்ட. அயலுக்கு எலார்ம் இதுதான். கொங்கிறீற்றில் இதை இழுக்கும் சத்தத்தில் மூன்று வீடு தள்ளி மேல்மாடியில் லைட் எரியும். அவருடைய மகன் மட்டும் எழும்பமாட்டான்.

உண்மையில் நடைபாதையை வழிக்கவேண்டிய தேவை அண்ணைக்கு இல்லை. டிரைவ்வே அவருடையது, நடைபாதை மாநகராட்சியுடையது. பழைய ரொறொன்ரோ நகரப் பகுதியில்தான் பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரே வழித்துவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். ஸ்காபரோ, நோர்த் யோர்க் பக்கமெல்லாம் அப்போதே மிசின் ஓடியது. 2021 இல் பழைய நகரத்துக்கும் மிசினை விட மாநகரசபை தீர்மானித்தது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இரண்டு சென்ரிமீற்றர் விழுந்தாலே நடைபாதைக்கென்று சின்ன வண்டிகள் புறப்பட்டுவிடும்.

இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

"மிசின் என்ன செய்யும்? மேலால இழுத்துக்கொண்டு போகும். அடிப்பனி அப்பிடியே கிடக்கும். அதுக்கு மேல நாலு பேர் நடந்தாப் போச்சு, ஐஸ்."

இதில் பிழையில்லை. மிதிபட்ட பனி இறுகிவிடும்; அதற்குப் பிறகு பிளாஸ்ரிக் சவளால் ஒன்றும் நடக்காது. அதனால்தான் அண்ணைக்கு உலகத்திலேயே பெரிய எதிரி தனக்கு முன்னால் அந்த வழியால் நடந்து போகிறவன். முதல் பஸ் பிடிக்க ஓடுகிற பெட்டைக்கும், நாயோடு உலாத்துகிற கிழவனுக்கும் அவர் 'குட்மோர்னிங்' சொல்லுகிற விதத்தில் வேறு ஏதோ சொல்லுகிறார் என்று எனக்கு நெடுநாளாக ஐயம். அவர்கள் போனபின் குனிந்து, ஒவ்வொரு காலடியாக இரும்புச் சவளால் பெயர்ப்பார். உப்புப் போடலாமே என்றால், மைனஸ் பத்துப் பாகைக்குக் கீழே சாதாரண உப்புச் சரியாகக் கரைக்காது என்று பத்து நிமிடம் வகுப்பெடுப்பார். கேட்பவனுக்குக் கால்விரல் மரத்துவிடும்.

ஆனால் அண்ணையின் முழு மேதைமையும் எல்லையில்தான் தெரியும். கனடாவில் எங்கள் தெரு மாதிரித் தெருக்களில் வீட்டு முன்புறத்துக்கு வேலி கிடையாது. என் புல் எங்கே முடிகிறது, உன் புல் எங்கே தொடங்குகிறது என்று கோடையில் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று மற்றவர்களுக்கு விளங்காது. வேலி அடைக்கிற நேரம் பார்த்துக் கதியாலைப் பெருவிரல் அகலம் தள்ளி நடுவதும், அதைப் பார்த்துவிட்டு மற்றவர் பிரக்கிராசியிடம் ஓடுவதும், வழக்கு மகன் காலம் வரை இழுபடுவதும் நாங்கள் வழிவழியாகக் கட்டிக்காத்த கலை. இங்கே அதற்குக் களமே இல்லாமல் இருந்தது. பனி விழுந்தது, களம் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடைபாதையின் கொங்கிறீற்றுத் தட்டுகளுக்கிடையில் ஒரு பொருத்து ஓடுகிறது. அண்ணையின் சவள் அந்தப் பொருத்தில் வந்து நிற்கும். இந்தப் பக்கம் ஈரக் கொங்கிறீற், அந்தப் பக்கம் முழங்கால் அளவு பனி, நடுவிலே நூல் பிடித்த மாதிரிச் செங்குத்தாக ஒரு வெட்டு.

வழித்த பனியைத் தெருவில் தள்ளுவது சட்டப்படி குற்றம். அண்ணை தள்ளுவதில்லை. தெரு பிளவ் வண்டிதான் தெருப் பனியையெல்லாம் கொண்டுவந்து, அவர் துப்பரவாக்கி முடித்த டிரைவ்வே வாசலில் அணையாகக் கட்டிவிட்டுப் போகும். அது பஞ்சுப் பனி அல்ல. உப்பும் சேறும் கலந்த கட்டி. பிளவ் எங்கே நிற்கிறது என்று காட்டும் மாநகராட்சி வரைபடத்தைப் போனில் திறந்துவைத்துக்கொண்டு, "மல்வேனால திரும்பிட்டான்" என்று வாசலில் காவல் நிற்பார். வந்து போனதும் மாநகராட்சியின் 311 இலக்கத்தை அழைத்து முறையிடுவார். பிந்தி வந்தால் அதற்கும் ஒரு முறைப்பாடு. 311 இல் இருக்கும் பிள்ளைகளுக்கு அவர் குரல் பழக்கம்.

அவரிடம் பிடிபட்டால் 1999 கதையும் கேட்கவேண்டிவரும். அந்த ஜனவரியில் பனி ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி நகரம் முடங்கியபோது மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். நாட்டின் மற்றப் பகுதிகள் இன்றுவரை அதைச் சொல்லி ரொறொன்ரோவைப் பகிடி பண்ணுகின்றன. அண்ணை பகிடி பண்ணுவதில்லை. "ஆமி வருது எண்டு ரிவியில சொன்னவுடன இவ பாஸ்போட்டைத் தேடத் தொடங்கிட்டா. பிறகு பாத்தா, அவங்கள் சவளோட நிக்கிறாங்கள். ஆமி வந்து சனத்துக்கு உதவினதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்."

மகன் ஸ்னோ புளோவர் வாங்கித் தருகிறேன் என்கிறான். டொக்டர் பனி அள்ளுவதால் வருகிற மாரடைப்பைப் பற்றிச் சொல்லுகிறார். இரண்டு பேரையும் அண்ணை ஒரே மாதிரித் தலையாட்டி அனுப்பிவிடுவார்.

போன பெப்ரவரியில் ஒரு கலியாணத்துக்கென்று மொன்றியலுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். அந்த இரண்டு நாளும் இங்கே பனி. திரும்பிவந்து பார்த்தால் அவர் வீட்டு நடைபாதை பளிச்சென்று கிடக்கிறது. வழித்தது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மம்மா. எல்லைப் பொருத்தைத் தாண்டி, அண்ணையின் எல்லை முடியும் வரை வழித்து, மணலும் தூவியிருக்கிறார்.

அண்ணை பெட்டியை இறக்கவில்லை. "அவ எங்கட பக்கம் எத்தினை தட்டு வழிச்சவ?" என்று மனைவியைக் கேட்டார்.

"எண்ணேல்லை. நன்றி சொல்லிவிட்டு உள்ள வாங்கோ."

நன்றியோடு முடிகிற கணக்கா அது? அடுத்த பனிக்கு அவர் அம்மம்மாவின் தட்டுகள் முழுவதையும் வழித்தார், வாசல்படி உட்பட. அதற்கடுத்த பனிக்கு அம்மம்மா நாலரைக்கே எழும்பி இவருடைய டிரைவ்வேயில் பாதியை முடித்திருந்தார். இவர் நாலு மணிக்கு மாறினார். ஆளுக்கு ஆள் மற்றவர் வாசலைப் பிடித்துக்கொண்டதில், ஒருநாள் இரண்டு பேரும் நடுப்பொருத்தில் சவளோடு முட்டிக்கொண்டார்கள். பொதுமொழி இல்லாததால் சண்டையும் பிடிக்க முடியவில்லை. "நோ, நோ, யூ கோ" என்று இவர். "யூ கோ" என்று அவர்.

மார்ச்சில் ஒருநாள் இருவரும் கராஜைத் திறப்பதற்கு முன்பே மாநகராட்சியின் சின்ன வண்டி வந்து, செம்மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு, இரண்டு வீட்டு நடைபாதையையும் ஒரே இழுவையில் வழித்துவிட்டுப் போய்விட்டது. அண்ணை 311 ஐ அழைத்தார். பிந்தி வந்ததா என்று கேட்ட பிள்ளையிடம், வெள்ளன வந்துவிட்டது என்று முறைப்பாடு பதிந்தார்.