இடிபாட்டார்

ரோமாபுரியில் ஒரு பிரமிட் இருக்கிறது. கெஸ்தியுஸ் என்கிற பெரிய மனிதருக்காகக் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுப்பிய கல்லறை. 330 நாளில் வேலை முடிந்ததென்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு வைத்துக் கட்டிய கட்டடம் என்பதால் இடிபாட்டாருக்கு அதன்மேல் தனி மரியாதை. அதற்குப் பக்கத்து ஸ்டேஷனில்தான் காலை எட்டு மணிக்கு அவர் அகப்படுவார்.

ஊர் பேரெல்லாம் வேண்டாம். ஜெர்மனியிலிருந்தும் வருவார், ஜப்பானிலிருந்தும் வருவார். ரிடையரான கணக்கு வாத்தியார் அல்லது சர்வே இலாகா ஆசாமி. ரோமில் ஒரு வாரத்துக்கு ரூம் போட்டிருப்பார். ஆனால் ரோமில் இருக்கமாட்டார். காலையில் கிளம்பி, இடிந்த ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். அதுவும் பாசஞ்சர் ரயிலில், ரூட் பஸ்ஸில். டாக்ஸியில் போய் இறங்குகிறவன் பார்ப்பது இடிபாடே இல்லை என்பது அவர் கட்சி. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் விஞ்ச்சில் ஏறுகிறவரைப் பார்ப்பாரே, அப்படித்தான் டூர் பஸ்காரர்களைப் பார்ப்பார்.

சட்டையில் நாலு பை. மேல் இடது பையில் டிக்கெட்: ஒன்றரை யூரோ, 100 நிமிஷம் செல்லும். அதைப் புறப்படும் நேரத்தில் வாங்கமாட்டார். முந்தின நாளே சிகரெட் கடையில் வாங்கியாகிவிட்டது. ஆமாம், இத்தாலியில் பஸ் டிக்கெட் கிடைக்கிற இடம் பெரும்பாலும் பெட்டிக்கடைதான். வாங்கினால் மட்டும் போதாது, பஸ்ஸில் ஏறியதும் மெஷினில் முத்திரை குத்தவேண்டும். குத்தாமல் பரிசோதகரிடம் மாட்டினால் தண்டம். நம்மவர் குத்திவிட்டு டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மை பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பார். எந்தக் கல்வெட்டையும் அவர் இவ்வளவு ஊன்றிப் படித்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் ஒஸ்தியா ஆன்டிகா. அரைமணி நேர ரயில். அதே ரயில்தான் கடற்கரைக்கும் போகிறது. பெட்டி முழுக்க துண்டும் குடையும் செருப்புமாக ஜனம். வெயில் கிரீம் வாசனை. நடுவில் கனத்த பூட்ஸும் மடித்த மேப்புமாக இவர் மட்டும், கல்யாண வீட்டில் ஆடிட் பண்ண வந்தவர் மாதிரி. ஒஸ்தியாவில் இவரோடு நாலு பேர் இறங்கினால் அதிகம். மற்றவர்களைப் பரிதாபத்தோடு பார்ப்பார். அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

டைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த துறைமுகப் பட்டணம் அது. இப்போது கடல் விலகிப் போய்விட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பிரதான வீதி, நாடக அரங்கு, சுவரில் பலகாரப் படம் தீட்டிய சாப்பாட்டுக் கடை, சலவைக்கல்லில் வரிசையாக ஓட்டை போட்ட பொதுக் கழிப்பிடம். இடையே தடுப்புக்கூடக் கிடையாது. கூட வந்த அவர் வீட்டம்மா குடைப் பைன் மரநிழலில் உட்கார்ந்துவிடுவார். நம்மவர் நேரே போய் நிற்பது அரங்கின் பின்னால் உள்ள சதுக்கத்தில். சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த படங்கள்: கப்பல், கலங்கரை விளக்கம், மீன். லிபியாவின் சப்ராத்தா ஊர்க்காரர்களின் அறைக்கு முன்னால் ஒரு யானை. அந்தந்த ஊர்க் கப்பல் வியாபாரிகளின் ஆபீஸ் வரிசை. “புரியுதா?” என்றார் என்னிடம், குரல் தழுதழுக்க. “இதுதான் அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்டு. எந்தக் கப்பல் எங்கே போகும்னு இங்கேதான் கேட்கணும்!” யானை பக்கத்தில் நேர அட்டவணை ஏதும் இருக்கிறதா என்று குனிந்து தேடினார் என்றே நினைக்கிறேன்.

பொம்பேயி கதை வேறு. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்து ஊரே புதைந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஸ்டேஷன் விவகாரத்துக்குக் கால்மணி நேரம் வேண்டும். நேப்பிள்ஸிலிருந்து போகும் குட்டி ரயிலில் சொரெண்டோ தடத்தில் ஏறி ‘பொம்பேயி ஸ்காவி’யில் இறங்கினால் அகழாய்வு வாசல். வேறு தடத்தில் ஏறி வெறும் ‘பொம்பேயி’ என்று இறங்கினால் இன்றைய டவுனும் மாதா கோயிலும்தான். அப்படி இறங்கி நடந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் கண்ணில் எரிமலைக்கு இரையானவர்களுக்கான துக்கம் தெரிகிறது.

அந்த ஊர் மண்ணிலிருந்து 1938-இல் நம் நாட்டுத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. பார்த்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன்.

“மியூசியத்துல நுழைஞ்சா நாலு ஐம்பது ரயில் போயிடும்” என்றார்.

டிவோலிக்குப் பக்கத்தில் ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் மாளிகைக்கு மெட்ரோவில் போய் பஸ் மாறவேண்டும். வழியில் கொலோசியத்துக்குக் கல் வெட்டிய பூமி. அதைத் தாண்டும்போது கந்தக ஊற்றுகளின் அழுகிய முட்டை நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். இவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்: நாற்றம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. மாளிகை 100 ஹெக்டேருக்கு மேல். குளம், குளத்தைச் சுற்றிச் சிலைகள், தனிமையில் உட்காரச் சக்கரவர்த்தி தண்ணீருக்கு நடுவே கட்டிக்கொண்ட தீவு. அரைநாளாவது வேண்டும். நம்மவரோ வந்த நிமிஷத்திலிருந்து திரும்பும் நினைப்பிலேயே இருப்பார். ரோட்டோர ஸ்டாப்பில் கை காட்டாவிட்டால் பஸ் நிற்காமல் போய்விடும். அதனால் பஸ் வர இருபது நிமிஷம் இருக்கும்போதே கையை நீட்டிக்கொண்டு நிற்பார், பீடத்திலிருந்து இறங்கி வந்த சிலை மாதிரி.

ஊர் திரும்பும் முன் போனில் படங்களைக் காட்டினார். ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு தகரப் பலகை, பலகையில் பொடி எழுத்தில் எண்கள். அடுத்ததும் கம்பம். அதற்கடுத்ததும்.

“ஹேட்ரியன் மாளிகை எங்கே?”

“இதுதான் அதுக்கு எதிர்ல இருக்கிற ஸ்டாப்” என்றார். ஒருவழியாக மாளிகையும் வந்தது. குளமும் சிலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கலங்கிப் போயிருந்தன. எடுக்கும்போது பஸ் வந்துவிட்டதாம்.