முன்சீற்றும் அப்பாவின் முழங்காலும்

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் படம்பிடிக்க வருகிறவர்கள் வெளி மினுக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அவற்றை வருடக்கணக்காக ஓட்டியவர்களின் இடுப்பையும் முழங்காலையும் பற்றி ஆரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நிற்பது ஒஸ்ரின் ஏ40 சொமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த மொடல். 1200 சிசி எஞ்சின். முன்சீற் ஒரே நீள வாங்கு. கியர்க் கம்பி ஸ்ரியறிங் தண்டோடு இருப்பதால் முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். ஆனால் சாரதிக்கென்று வாங்கை நகர்த்தினால் மூவருக்கும் சேர்த்துத்தான் நகரும்.

அந்த நாளில் அது நகர்ந்ததே இல்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கால் வைக்க இடம் வேண்டும் என்று அப்பா அதை முன்கோடியில் வைத்து இறுக்கிவிட்டார். அவரோ நெடுவல் ஆள். அந்தப் பெரிய ஸ்ரியறிங் வளையத்துக்கு இருபுறமும் முழங்காலை அகட்டிக்கொண்டுதான் ஓடுவார். கிளச்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் இடது முழங்கால் தண்டில் இடிக்கும்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபிறகு கார் மண்ணெண்ணெயில் ஓடியது. பொனற்றைத் திறந்து, போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபிரேற்றருக்குள் சில துளி விட்டால்தான் ஸ்ரார்ட் வரும். அதற்காக ஒவ்வொரு முறையும் அப்பா அந்த இடுக்கிலிருந்து இறங்கி ஏறவேண்டும். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அயலில் அந்தக் கார்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் ஊர்ந்தபோது கிளச்சை மிதிப்பதும் விடுவதுமாகவே விடிந்தது. தென்மராட்சியில் இறங்கிய அப்பாவால் நிமிர முடியவில்லை. பின்னால் இருந்த ஒருவருக்கும் கால் நோகவில்லை.

இப்போது பிள்ளைகள் ரொறன்ரோவில். பின்சீற் வெறுமை. சீற்றைப் பின்னே தள்ளத் தாராளமாக இடம் இருக்கிறது. அதிலே சாய்ந்து ஓட அப்பா இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன வருடம் முன்சீற்றைப் பின்தள்ளிப் பூட்டுவதற்காகக் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். தரைத்தகட்டை வெட்டிப் புதுச் சீற் பூட்டலாம் என்றுதான் பலர் சொன்னார்கள். மெக்கானிக் தம்பி மறுத்துவிட்டார். "ஐயா, பழைய ஓட்டையளிலை கை வைக்கவேண்டாம். நாளைக்கு ஆரும் பழையபடி பூட்ட நினைச்சால் பூட்டக்கூடியமாதிரி இருக்கவேணும்." தடித்த இரும்புப் பட்டை இரண்டைப் பழைய துளைகளிலேயே பூட்டி, அவற்றின்மேல் சீற்றின் றெயிலை இரண்டு அங்குலம் பின்தள்ளி வைத்தார். முன்விளிம்பை அரை அங்குலம் உயர்த்தினார். தொடைக்குத் தாங்கல் கிடைத்தது. அதற்குமேல் உயர்த்தினால் தொடை வளையத்தில் தட்டும். கடற்காற்றில் கறள் பிடித்து மெலிந்த தகட்டில் வெறும் வாசர் போதாது என்று, அடியில் அகலமான தகடு கொடுத்தே நட்டை இறுக்கினார். சடுதியாகப் பிறேக் பிடித்தால் சீற்றை இழுக்கும் விசையெல்லாம் அந்த நாலு போல்ற்றிலும்தான் விழும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தயங்காமல் செய்யுங்கள். கிளச்சை முழுதாக மிதித்தபிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். முதுகு சீற்றை விட்டு எழும்பக்கூடாது. றெயிலின் பூட்டுப் பல் முழுதாக விழுகிறதா என்று சீற்றை முன்னும் பின்னும் உலுப்பிப் பாருங்கள். விழாவிட்டால் காரை வீதிக்கு எடுக்கவேண்டாம்.