ஞாபகம் தவறிய பெட்டி

கேள்வி: பதினைந்து வருஷத்துப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் ஏற்றப் பார்க்கிறேன். ஒருநாள் 40 சதவீதத்தில் நிற்கிறது, மறுநாள் 70-இல். காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவில் உள்ள பிரதியைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நிற்பதோ, பழங்கதை சொல்லும் பாட்டனார் தினம் ஓரிடத்தில் தொடர்பை விடுவது போல, பெரும்பாலும் ஞாபகசக்தியின் கோளாறே. ஆகவே மின்சாரத்தை அறவே துண்டித்து, கம்ப்யூட்டரின் ஞாபகமாகிய ராம் பட்டையைக் கழற்றி, அதன் விளிம்பில் பொன்னிறமாய் வரிசைகட்டி நிற்கும் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் இலேசாகத் தேய்த்து, வாயால் ஊதாமல் துணியால் துடைத்து, பக்கத் தாழ் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தி, மெம்டெஸ்ட் என்னும் ஞாபகச் சோதனையை இரவு முழுவதும் ஓட விடுங்கள். விடியலில் பிழையைக் காட்டும் ஒரு சிவப்பு வரியும் இல்லையேல் தைரியமாக ஏற்றலாம். இருந்தால், பட்டைகளை ஒவ்வொன்றாய் மாட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். இன்னொரு மறதியும் உண்டு: பயாஸ் அமைப்புத் திரையில் தேதி 2009 என்று காட்டுகிறதா? கடிகாரத்தை ஓட வைக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். கடிகாரம் பின்தங்கினால் இணையச் சான்றிதழ்கள் செல்லாமற்போய், அப்டேட் இறங்க மறுக்கும்.