கடல் தாண்டிய போன்

ஐபோன் நல்லதா, சாம்சங் நல்லதா, ரெட்மியே போதுமா என்று யூடியூபில் தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. கேமராவுக்கு இத்தனை மார்க், பேட்டரிக்கு இத்தனை மார்க் என்று கூட்டிக் கழித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்பில் எனக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான்: நடுவர் உட்கார்ந்திருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ, நாலு டவருக்கு நடுவில். அதே போன் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி போர்ட் பிளேரில் இறங்கினால் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்ல வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை) மார்க் ஷீட் தலைகீழாகிவிடும். இதில் உள்ளூர், வெளிநாடு என்ற பேச்சே வேண்டாம். ஐபோனும் ஸ்ரீபெரும்புதூரில் கோத்து அனுப்பப்படும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்பதுதான் கேள்வி.

தெரியும் என்கிறது விளம்பரம். ஐபி68 என்று ஒரு பட்டம் உண்டு. ஆறு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஐபோனுக்கு ஒன்றும் ஆகாது என்கிறது ஆப்பிள். சாம்சங் ஒன்றரை மீட்டரோடு அடக்கமாக நிறுத்திக்கொள்கிறது. ஆப்பிளுக்கே வெற்றி என்று எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தப் பரீட்சை நடப்பது ஆய்வுக்கூடத்து நல்ல தண்ணீரில். கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சாம்சங்கே எச்சரிக்கிறது. அந்தமானில் கடற்கரைக்குப் போகாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. படகு ஜெட்டியில் ஒரு அலை எகிறித் தெறித்தால் போதும். சார்ஜரைச் செருகியதும் திரையில் ஒரு நீர்த்துளிப் படம் தோன்றும்: ஈரம் இருக்கிறது, சார்ஜ் ஏற விட மாட்டேன். அது சொல்வதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். உள்ளே இருக்கும் குட்டிப் பின்களைப் பச்சை பூக்க வைத்துவிடும். சரி, அரிசி டப்பாவில் புதைத்து வைக்கலாமே என்றால், அதுவும் கூடாது, அரிசித் துணுக்கு உள்ளே போய் ரிப்பேராக்கும் என்று 2024-இல் ஆப்பிள் கையை விரித்துவிட்டது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி கிடையாது என்பதில் மட்டும் இரண்டு கம்பெனிக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இன்டர்நெட் வேகத்தைச் சொல்லுங்கள், கடலடி கேபிள்தான் வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 ஆகஸ்ட் 10 வரை தீவுகள் நம்பியிருந்தது செயற்கைக்கோளை. அபர்தீன் பஜாரிலிருந்து ஜங்கிலிகாட்டில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பிய ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ, முதலில் 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே இறங்கி, கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தொட்டு, மறுபடியும் அதே 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கித்தான் பக்கத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ரோஜா வாடாமல் வந்ததே பெரிசு. இப்போது சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் கிடக்கிறது. ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கேம்பெல் பே வரை போகிறது. ஆனால் இந்தப் புகழ் கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக்குச் சேர வேண்டியது. லட்ச ரூபாய் போனும் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனும் அதன் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. தலைநகரை விட்டுத் தள்ளிப் போகப் போக எந்தக் கம்பெனி டவர் எட்டும் என்பது தீவுக்குத் தீவு மாறும். அங்கே உதவுவது பிராசசர் இல்லை, இரண்டு சிம் போடும் வசதி. ஐபோன் ஏரில் சிம் போடும் துளையே கிடையாது, எல்லாம் இ-சிம். போன் செத்துப்போனால் சிம்மை ஊசியால் குத்தி எடுத்து மைத்துனர் போனில் போடும் காரியம் அதில் நடக்காது.

கேமரா என்று இன்னொரு கட்சி வரும். ஊரே பார்க்க வரும் அழகான இடம், 200 மெகாபிக்சல் வேண்டாமா? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இந்திய நேரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கிழக்கே வாழ்கிற இடத்தில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது, நைட் மோடுக்கு மாலை டீ வேளையிலேயே வேலை வந்துவிடும். அதற்காக ஐபோனுக்கும் சாம்சங் அல்ட்ராவுக்கும் தாராளமாக மார்க் போடலாம். ஆனால் அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஜாரவா மக்களின் காப்புக்காடு. அங்கே படம் எடுத்தால் கேஸ். 200 மெகாபிக்சலும் 2 மெகாபிக்சலும் பைக்குள் சமத்துவமாகத் தூங்க வேண்டியதுதான். அது சரியான சட்டமும்கூட.

கேம்பெல் பே கப்பலில் ஏறினால் பேட்டரியின் யோக்கியதை தெரியும். நடுக்கடலில் டவர் கிடையாது என்பது போனுக்குப் புரியாது. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த தாய் மாதிரி முழுச் சக்தியோடு தேடித் தேடித் தன்னையே காலி செய்துகொள்ளும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், கப்பலில் இருந்தாலும். இங்கேதான் 6,000 மில்லியாம்ப்-அவர் பேட்டரி வைத்த தடித்த, மலிவான போன்கள் நிமிர்கின்றன. அவற்றில் பலவற்றில் எஃப்எம் ரேடியோவும் உண்டு, ஐபோனில் கிடையாது. ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 2004 சுனாமியின்போது, தற்செயலாக போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் ரேடியோ (தனிநபர்கள் இயக்கும் இருவழி வானொலி) குழுதான் வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது. பேரிடர்க் காலத்துக்காக எஃப்எம் வசதியைப் போன்களில் முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது.

மலிவு போனுக்குக் குறையே இல்லையா? ஏராளம். ரெட்மியில் கேட்காமலே விளம்பரம் வரும், இரண்டு வருஷத்தில் நடை தளரும். சாம்சங் எஸ்24 வரிசைக்கு ஏழு வருஷம் அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உப்புக் காற்று அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே என் ஓட்டு இரண்டு சிம், பெரிய பேட்டரி, எஃப்எம் உள்ள நடுத்தர விலை போனுக்கு. எதை வாங்கினாலும், ஜெட்டிக்குக் கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள். ஐபோனாக இருந்தால் இரண்டு கவர்.