கொலுவுக்கு வந்த கட்டபொம்மன்: ஒரு காலவரிசை ஆய்வு

ஆய்வுப் பொருள்: நவராத்திரி மாலைகளில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் சரித்திர வேடமிட்டுக் கொலு பார்க்கக் கிளம்பும் நண்பர் கூட்டம். கிருஷ்ணன் கொண்டையும் ஆண்டாள் மாலையுமாக வீடு வீடாகப் போய் அழைப்பது முன்பு குழந்தைகளின் வேலை. இப்போது மாதச் சம்பளக்காரர்களே கிரீடத்தோடு ஆட்டோவிலிருந்து குனிந்து இறங்குகிறார்கள்.

சான்றுகள்: இவ்வேடங்கள் எதுவும் கல்வெட்டு பார்த்துத் தைத்தவை அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்துச் சோழர் காலத் தேவியர் படிமங்கள் ரவிக்கை அறியாதவை. நம் குந்தவையோ தியாகராய நகரில் அளவு கொடுத்து, இரண்டு முறை பிரித்துத் தைக்கச் சொன்னவள். அவளுடைய மூலங்கள் மூன்று: 1950 முதல் கல்கி எழுதிய தொடர்கதை, அதற்கு மணியம் வரைந்த ஓவியங்கள், 2022 செப்டம்பர் 30 அன்று, சரியாக நவராத்திரி ஐந்தாம் நாளில் வெளியான திரைப்படம். கூந்தலுக்குச் சவுரி, நகைக்கு வாடகைப் பரதநாட்டிய செட்.

கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். ஆனால் அவருடைய மீசையும் குரலும் 1959-இல் சிவாஜி கணேசன் வழங்கியவை. பாரதிக்குக் கறுப்புக் கோட்டு வேண்டும். பக்கத்து வக்கீல் வீட்டில் கடன் கேட்கலாம். பாரதியின் பாடல்களை 1907-இல் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆகவே அந்தக் கடன் மரபுக்கு உட்பட்டதே.

முதல் விதி: வாசலில் மாமி, "நீ என்ன வேஷம் போட்டுண்டிருக்கே?" என்று கேட்டுவிட்டால் வேடம் தோற்றது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனும் கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரனும் இங்கே சமம். இருவரும் "ஏதோ ராஜா". அதே தொடர்கதையின் நந்தினி கூடவே வந்தாலொழிய குந்தவையும் "கல்யாணப் பொண்ணு மாதிரி" என்ற அளவில் நிற்கிறாள். பாரதியின் முண்டாசுக்கு மட்டும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இரண்டாம் விதி: உள்ளே போனதும், "ஒரு பாட்டுப் பாடேன்." கும்பினியாருக்குக் கிஸ்தி கட்ட மறுத்தவரால் மாமிக்கு மறுக்க முடிவதில்லை. ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு, வாளை மடியில் கிடத்தி, பள்ளிக்கூடத்தில் கற்ற ஏதோ ஒரு பாட்டைப் பல்லவியோடு நிறுத்திக்கொள்கிறார். பாரதிக்கு இந்தச் சங்கடம் இல்லை. சொந்தச் சரக்கே ஏராளம்.

மறுப்பும் விடையும்: குந்தவைக்கும் கட்டபொம்மனுக்கும் இடையில் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு, இருவரும் ஒரே ஆட்டோவில் வரலாமா என்று காலவரிசைவாதிகள் கேட்கக்கூடும். அவர்கள் கொலுப்படியைப் பார்க்கட்டும். மேலே தசாவதாரம், நடுவே காந்தி, கீழே அரிசி பருப்போடு செட்டியார் தம்பதி, தரையில் கிரிக்கெட் அணி. மரப்பாச்சிக்கோ வருஷா வருஷம் புதுத்துணி. படியில் இடம் தருவது அந்தஸ்து. நூற்றாண்டை அங்கே யாரும் விசாரிப்பதில்லை. வேடமிட்டவர்கள், பரணில் ஏற்ற வேண்டாத பொம்மைகள். எனவே மறுப்பு தள்ளுபடி.

முடிவும் பரிந்துரையும்: புறப்படும் நேரத்தில் தொன்னையில் சுண்டல், தேங்காயோடு தாம்பூலப் பை, அடுத்த வீட்டுக்கு வழி கேட்கக் கைப்பேசி. வாளுக்கு ஒரு கை போனால் வீரனுக்கு மிச்சம் ஒரு கைதான்; அவசரத்துக்கு அந்த வீட்டுப் பேரனிடம் வாளைக் கொடுத்தால், அட்டை வாள் முழுசாகத் திரும்பாது. குந்தவைக்கும் நிலைமை இதுவே. ஒட்டியாணத்தில் கைப்பேசி நிற்காது. ஆகவே, அடையாளம், பாட்டு, கொள்ளளவு ஆகிய மூன்றிலும் தேறுவது பாரதி வேடம் ஒன்றே, ஏனெனில் கோட்டில் பை இருக்கிறது. வக்கீலிடம் திருப்பித் தருமுன் பையிலுள்ள கொண்டைக்கடலையை உதறிவிடுவது நலம்.