சர்வதேசத் தகப்பனார்

"உங்க பொண்ணு எங்க படிக்கிறா?" என்று கேட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்கிறவர் சாதாரணத் தகப்பனார். பாடத்திட்டத்தின் பெயரைச் சொல்கிறவர் சர்வதேசத் தகப்பனார். "ஐ.பி." என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அங்கே போதுமான மரியாதை தென்படவில்லை என்றால், "ஜெனிவா" என்று சேர்த்துக்கொள்வார். ஜெனிவாவுக்கும் நாம் அசையாவிட்டால், பாவம், ஸ்டேட் போர்டுக்குப் பிள்ளையை அனுப்புகிற ஆள் போலிருக்கிறது என்று மன்னித்துவிடுவார்.

இவர் வசிப்பது பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையில், வாட்ச்மேனுக்கே வாயில் நுழையாத பெயர் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில். வேலை சாஃப்ட்வேரில். சொந்த ஊர் மன்னார்குடியாக இருக்கலாம், விருதுநகராக இருக்கலாம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து, பிளஸ் டூவில் 1,200க்கு அள்ளிக் குவித்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங்கில் உட்கார்ந்து எழுந்து, இன்ஜினீயராகி, அமெரிக்காவையும் கொஞ்ச காலம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். அவரை ஆளாக்கியது உருப்போட்ட பாடமும் அதில் வாங்கிய மார்க்கும்தான். கல்யாண வீடுகளில் அதை அவரே பெருமையாகச் சொல்வார். பிள்ளைக்கு மட்டும் அது ஆகாது.

"மக்கப் பண்ற படிப்பெல்லாம் நம்மளோட போகட்டும் சார். குழந்தைங்க கேள்வி கேக்கணும். எதையும் அப்படியே ஏத்துக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் அவர் பணம் கட்டியது இதற்காகத்தான்.

ஜெனிவா சமாசாரம் அவர் கட்டிய கதை இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கம் ஜெனிவாவில் அலுவலகம் போட்டது. பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்த அதிகாரிகளின் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது என்ற சிக்கல் எழுந்து, 1924இல் அங்கே ஒரு சர்வதேசப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே கல்லூரியில் சேர ஒரு பொதுவான பரீட்சை வேண்டுமே என்ற யோசனை முற்றி, 1968இல் அதே ஊரில் ஐ.பி. பிறந்தது. நம் பக்கத்தில் இதற்கெல்லாம் முன்பே, 1901இல், அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் பள்ளி வைத்துவிட்டார்கள். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். ஆக, அப்பாவுக்கு ஓயாமல் மாற்றல் வந்துகொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட கல்வி இது. நம்மவருக்கு வந்த பெரிய மாற்றல், மடிப்பாக்கத்திலிருந்து நாவலூருக்கு.

நிஜமாகவே மாற்றலாகி வந்த குடும்பம் எதிர் ஃபிளாட்டில் இருக்கிறது. கொரியாக்காரர்கள். 1990களின் பிற்பாதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் அதன் பின்னால் வந்தன. கம்பெனிகளின் பின்னால் குடும்பங்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணும் இவர் வீட்டுப் பெண்ணும் ஒரே வகுப்பு. நம்மவருக்கு அந்தக் குடும்பம் சுவரில் மாட்டாத சான்றிதழ். ஊரிலிருந்து யார் வந்தாலும், "எதிர்ல கொரியன் ஃபேமிலி. நம்ம பாப்பாவோட கிளாஸ்மேட்" என்று சொல்லாமல் லிஃப்ட் பட்டனை அமுக்க மாட்டார்.

அந்தக் கொரிய அப்பா பள்ளியைப் பற்றி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. ஃபீஸைக் கம்பெனி கட்டிவிடுகிறது. கொஞ்ச காலத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கென்று கொரியப் பல்கலைக்கழகங்களில் தனிச் சேர்க்கை வழி இருக்கிறது. ஆகவே வாரநாளில் ஆங்கிலம், சனிக்கிழமை கொரிய மொழி என்று கணக்காகப் போகிறது. அவருக்கு அந்தப் பள்ளிக்கூடம் ரிட்டர்ன் டிக்கெட். நம்மவருக்கு ஒன்வே, அதுவும் சொந்தக் காசில்.

சில பள்ளிகள் கட்டணத்தை டாலரிலேயே குறிப்பிடுகின்றன. அதனால் ரூபாய் இறங்கும் நாட்களில் ரிசர்வ் வங்கிக்காரர்களைவிட அதிகமாக இவர் முகம்தான் வாடும். மன்னார்குடித் தாத்தாவுக்கு ஐ.பி. என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும்: கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் கடன் கட்ட முடியாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. "ஏண்டா, பச்சப்புள்ளைய எதுக்குடா ஐ.பி.யில சேத்த?" என்று பதறினார். ஃபீஸ் ரசீதைக் காட்டினதும், கொடுக்கப்போவது பேத்தி இல்லை, மகன்தான் என்று தெளிந்துகொண்டார்.

சேர்க்கைக்கு முன்னால் பிள்ளையோடு பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அதற்காக வீட்டில் முழுசாக ஒரு மாதம் தமிழுக்கு ஊரடங்கு. "கம் ஹியர் பாப்பா", "டோன்ட் டச் பாப்பா", "ஈட் த தோசை பாப்பா." மாமியாருக்குச் சைகை மட்டும் அனுமதி. அந்த நாளும் வந்தது, எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

"ஒன்லி இங்கிலீஷ்" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

எதிரே இருந்த அம்மையாரின் முகம் சுருங்கிப்போயிற்று. பிள்ளையின் தாய்மொழியைப் பேணி வளர்க்க வேண்டும் என்பது ஐ.பி.யின் கொள்கை. ஒவ்வொரு பள்ளியும் மொழிக் கொள்கை ஒன்றை எழுதியே வைத்திருக்க வேண்டும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, "குழந்தைக்குத் தமிழ் சுத்தமாக வராதா?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். நம்மவர் உட்கார்ந்த இடத்திலேயே பல்டி அடித்தார். "ஐயோ, ஃபுல்லா தமிழ்தான் மேடம்! பாப்பா, மேடத்துக்கு ஆத்திசூடி சொல்லு." பாப்பா மேடத்தைப் பார்த்து, "டோன்ட் டச்" என்றது.

இடம் கிடைத்துவிட்டது. அது எப்படி என்று விசாரிக்கிறவர்கள் நம்மூர் நிலவரம் தெரியாதவர்கள். திருச்சிக்கு நெடுஞ்சாலையில் போகும்போது எண்ணிப் பாருங்கள்: உளுந்து வயலுக்கும் கரும்பு வயலுக்கும் நடுவில் எத்தனை 'இன்டர்நேஷனல்' பலகை! அவற்றில் சில இடங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லக்கூடியது வாசலில் நட்ட ஈச்சமரம்தான். நம்மவர் அந்த மாதிரிப் பள்ளிகளின் பெயரைக் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வார். போலிகளைக் கண்டு ஏமாற வேண்டாம் என்று லேகியக்காரர் சொல்கிற அதே தோரணை.

முதல் ரிப்போர்ட் வந்தபோது தாத்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார்.

"எத்தனாவது ரேங்க்குடா?"

"ரேங்க் எல்லாம் கிடையாதுப்பா. பிள்ளைங்கள ஒப்பிடக் கூடாது."

"மார்க்கு?"

"அதுவும் இப்ப இல்ல. 'வளர்ந்து வருகிறாள்'னு போட்டிருக்காங்க பாருங்க."

"அது வீட்லயே தெரியுதேடா. கவுன் பத்தல."

அப்பாவைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நம்மவர் சுற்றி வளைத்து விசாரணையை ஆரம்பித்தார். யார் யாருக்கு 'வளர்ந்து வருகிறாள்', யார் யாருக்கு 'எதிர்பார்ப்பை மிஞ்சுகிறாள்'. நடுநிசிக்குள் எக்செல்லில் ஏற்றி, வரிசைப்படுத்தி, ஐந்தாவது ரேங்க் என்று கண்டுபிடித்துவிட்டார். முதல் ரேங்க் எதிர் ஃபிளாட். அன்றிலிருந்து லிஃப்டில் அந்தச் சான்றிதழைக் காட்டுவது கொஞ்சம் குறைந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் வரும் 'இன்டர்நேஷனல் டே'யில் அவரைப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் வருவார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஸ்டால். கொரிய ஸ்டாலில் கிம்பாப், ஜப்பான் ஸ்டாலில் காகிதக் கொக்கு, எல்லாம் ஓசைப்படாமல் நடக்கும். இந்திய ஸ்டாலுக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே பஞ்சாயத்து. சோலே பட்டூராவா, டோக்ளாவா, குழிப்பணியாரமா? சர்வதேசியம் அவ்வளவும் பறந்துபோய் நம்மவர் அங்கேதான் தஞ்சாவூர்க்காரராக மாறுவார். கடைசியில் வெற்றி பெறுவது எப்போதும் பானிபூரி.

இப்போது, குறித்து வைக்கச் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருவோம். பள்ளி ஏமாற்றவில்லை, கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறேன் என்று பணம் வாங்கியது, சொல்லித் தந்துவிட்டது. ஐ.பி.யில் ஆரம்பப் பள்ளியை முடிக்கிற வருஷம் பிள்ளைகள் ஏதாவது ஒரு விஷயத்தைத் துருவி ஆராய்ந்து எல்லார் முன்னாலும் காட்சிக்கு வைக்க வேண்டும். பாப்பா எடுத்துக்கொண்டது தண்ணீர். பழைய மகாபலிபுரம் சாலையில் லாரித் தண்ணீரை நம்பி வாழும் குடியிருப்பில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினாள். லாரிக்காரரிடம் பேசினாள், பிளம்பரிடம் பேசினாள், கார் துடைக்கிறவரிடம் பேசினாள். அப்பாவின் குளியலறை வாசலில் ஸ்டாப்வாட்சோடு நின்றாள்.

காட்சி நாளன்று பெற்றோர்கள் எல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாப்பாவின் அட்டையில் ஒரு பட்டை வரைபடம். அதில் மற்ற பட்டைகளை எல்லாம் கீழே விட்டுவிட்டு ஒரு பட்டை மட்டும் அட்டையின் தலைமாட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடியில் அழகான கையெழுத்தில்: 'அப்பா, ஷவர்.' குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்ச் சிக்கனக் குழுத் தலைவர் அவர்தான் என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்திருந்தாள். எதிர் ஃபிளாட் கொரியர் வெகுநேரம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, இவரைத் திரும்பிப் பார்த்து, இடுப்பை வளைத்து வணங்கினார். மரியாதைக்கா, அனுதாபத்துக்கா என்று நம்மவருக்கு இன்னும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. ராகு காலம் முடியட்டும் என்றால், "எவிடன்ஸ் என்னப்பா?" பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றால், "எந்தப் பெரியவங்க? எத்தனை பேர்?" குழந்தை கேள்வி கேட்க வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டது உண்மை. அது உலகத்தைப் பார்த்துக் கேட்கும் என்று நினைத்திருந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் எல்லா சர்வதேசத் தகப்பனாருக்கும் ஒரு ஜுரம் வரும். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரரின் பையன் நீட்டுக்குத் தயாராகிறான் என்று கேள்விப்படுவார். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவார். ஐ.பி. டிப்ளமோவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7, கட்டுரைக்கும் தத்துவத்துக்கும் சேர்த்து 3, மொத்தமே 45. நாற்பத்தைந்தை வைத்துக்கொண்டு ஊரில் என்ன சொல்வது? முடிவும் ஜூலையில்தான் வரும்; அதற்குள் இங்கே கவுன்சலிங் சூடு பிடித்துவிடும். போதாக்குறைக்கு, நீட்டில் உன் கருத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்கிறார்கள். அதற்கு வேண்டியது என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் நல்ல மனப்பாடமும். மன்னார்குடியில் இனாமாகக் கிடைத்த அதே சரக்கு.

சாப்பாட்டு மேசையில் பேச்சை மெல்ல ஆரம்பித்தார். "சேஃப்டிக்குத்தான் பாப்பா. சி.பி.எஸ்.இ.க்கு மாறிடலாம். காலைல ஆறு மணிக்கு கோச்சிங், அப்புறம் ஸ்கூலு, திரும்ப கோச்சிங். ரெண்டே வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு உருப்போட்டுட்டேன்னா..."

பாப்பா குறுக்கே பேசவில்லை. அது பள்ளியில் கற்றுக்கொடுத்த பண்பு. மறுநாள் மாலை லேப்டாப்பை டிவியில் இணைத்து அப்பா, அம்மா, தாத்தா மூவரையும் சோபாவில் உட்காரச் சொன்னாள். முதல் ஸ்லைடில், உருப்போடும் படிப்பைப் பற்றி அப்பா பல வருஷங்களாக உதிர்த்த கருத்துகள், யாரிடம் எப்போது சொன்னார் என்ற விவரத்தோடு. இரண்டாவதில், இதுவரை கட்டிய ஃபீஸ். மூன்றாவதில், இப்போது மாறினால் அதில் எவ்வளவு வீண் என்ற கணக்கு. தாத்தா அந்த ஸ்லைடை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா சொன்னா கேட்கணும்மா" என்றார்.

"இது ஆர்கியூமென்ட் இல்லப்பா" என்றாள் பாப்பா. பதில் எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தர வேண்டும், ஆதாரங்களைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும், வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆதாரமாகாது.

"எத்தனை பக்கம்டா கேக்குறா?" என்றார் தாத்தா.